குளியலறைக் கதவுக்கு வெளியே ஒரு தெரு

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் நாலு வார்த்தை பேசச் சொல்லி அழைத்தார்கள். படுக்கையில் இருப்பவரை எப்படிப் புரட்டுவது, விரிப்பை எப்படி மாற்றுவது என்பதையெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் போனில் இருக்கும் வீடியோ அதை என்னைவிட நன்றாகச் சொல்லித் தரும். அலுத்துக்கொள்ளாமல் திரும்பத் திரும்பச் சொல்லும். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஆனால் வீடியோ முடிந்த பிறகு நடக்கிற சில விஷயங்கள் இருக்கின்றன. அவற்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

நானும் ஆன்லைனில் படித்தவன்தான். இதை யாரும் எளிதில் நம்புவதில்லை. தேவனாம்பட்டினத்தில் பிறந்து, நாற்பது வயது தாண்டும் வரைக்கும் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவன் நான். காதில் சீழ் வைத்து ஆபரேஷன் ஆனது. அதற்குப் பிறகு படகில் கால் வைத்தாலே தலை சுற்றியது. வாந்தி எடுக்கும் மீனவனைப் பார்த்து ஊரே சிரித்தது. கரையில் என்ன வேலை செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். என் மனைவி கடலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆயாவாக இருந்தாள். வீட்டோடு இருந்து நோயாளியைப் பார்த்துக்கொள்ள ஆம்பிளை ஆள் கிடைக்கவில்லை என்று அங்கே எல்லோரும் புலம்புகிறார்கள் என்றாள். அதற்குக் கம்ப்யூட்டரிலேயே பயிற்சி தருகிறார்கள் என்றும் கேட்டுக்கொண்டு வந்தாள். இது நடந்தது இரண்டாயிரத்துப் பதினொன்றில்.

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் ஏது? மஞ்சக்குப்பத்தில் அந்தோணி என்பவர் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். பிளைவுட் தடுப்பு வைத்த சின்னச் சின்ன அறைகள், ஒவ்வொன்றின் வாசலிலும் ஒரு துணித் திரை. அந்தோணி கறாரான மனிதர். கல்லூரிப் பிள்ளைகள் வருகிற இடம், பெயர் கெட்டுவிடக் கூடாது என்று எந்நேரமும் திரைகளை நோட்டம் விட்டுக்கொண்டே இருப்பார். என் வயதில் ஒரு ஆள் தினமும் வந்து திரையை இழுத்து மூடிக்கொண்டு உட்கார்வது அவருக்கு முதல் நாளிலிருந்தே உறுத்தியிருக்கிறது.

ஒருநாள் பாடம், குளிப்பாட்டுவது. நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹெட்போன் வயர் சரியாகச் செருகவில்லை. எனக்குச் சத்தம் கொஞ்சம் குறைவாகக் கேட்பதாகப் பட்டது. காதுதான் ஆபரேஷன் ஆன காதாயிற்றே என்று நினைத்து வால்யூமைக் கூட்டினேன். கூட்டக் கூட்ட, வெளியே ஸ்பீக்கரில் ஒரு பெண்ணின் இனிமையான குரல் சென்டர் முழுக்கக் கேட்டிருக்கிறது. "இப்போது மேலாடையை மெதுவாகக் கழற்றவும். அவசரப்பட வேண்டாம்."

திரை கிழிகிற மாதிரி விலகியது. அந்தோணி நின்றார்.

"யோவ், இன்னாய்யா பண்ற? ஃபேமிலியெல்லாம் வர்ற எடம்யா இது!"

அவருக்குப் பின்னால் நாலைந்து தலைகள். எல்லோரும் ஸ்கிரீனைப் பார்த்தார்கள். கட்டிலில் ஒரு பிளாஸ்டிக் பொம்மை, இடுப்பில் துண்டோடு படுத்திருந்தது.

"பொம்மையா?" என்றார் அந்தோணி. குரலில் கொஞ்சம் ஏமாற்றம்கூட இருந்தது.

"பொம்மை இல்லீங்க, பேஷண்டு," என்றேன்.

அவர் போகவில்லை. நின்று பார்த்தார். அந்தப் பெண் பொம்மையை ஒருக்களித்துத் திருப்பி, முதுகைத் துடைத்து, ரொம்ப நேரம் ஒரே பக்கமாகப் படுக்க வைத்தால் புண் வரும் என்று சொன்னாள். அந்தோணியின் முகம் மாறிவிட்டது. "எங்க மாமனாருக்கு முதுகு பூரா இப்டித்தான் புண்ணு வந்து போயிட்டாரு. திருப்பிப் படுக்க வைக்கணும்னு எங்களுக்கு ஒருத்தரும் சொல்லலய்யா," என்றார். மறுநாள் முதல் யூபிஎஸ் இருக்கிற மிஷினை எனக்கென்று ஒதுக்கினார். ஹெட்போனையும் அவரே செருகிவிடுவார்.

நீங்கள் ஒரு வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு ஒருவருக்கு ஏதோ செய்யும்போது, வெளியே இருப்பவர்களுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. தெரியாததை அவர்களே இட்டுக்கட்டிக்கொள்வார்கள். செய்யப்போவதை முதலில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

கடைசியில் பரீட்சை வந்தது. வெப்கேமரா முன்னால் ஒரு ஆளைப் படுக்க வைத்து, புரட்டி, உட்கார வைத்துக் காட்ட வேண்டும். பயிற்சி நடத்துகிற மேடம் சென்னையிலிருந்து பார்ப்பார். நோயாளி வேடத்துக்கு என் மனைவியின் தம்பி சேகரைக் கூட்டிக்கொண்டு போனேன். ஆள் நல்ல வாட்டசாட்டம். அந்தோணி இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டுக் கட்டில் மாதிரி ஆக்கித் தந்தார்.

மேடம் ஸ்கிரீனில் தெரிந்தார். "ஸ்டார்ட் பண்ணுங்க," என்றார். நான் சேகரின் இடுப்பில் கை வைத்தேன். சேகர் துள்ளினான். மறுபடி வைத்தேன். கெக்கெக்கே என்று சிரித்தான்.

"டேய், உனக்குப் பக்கவாதம்டா. சிரிக்காத."

"மாமா, இடுப்புல கை வைக்காத மாமா. கூசுது."

"இடுப்புல வைக்காம எப்டிடா தூக்கறது?"

"பேஷண்ட் ஏன் சிரிக்கிறாரு?" என்று மேடம் கேட்டார்.

"கூச்சம் மேடம்," என்றேன். சென்டரில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்கு வியர்த்துவிட்டது. இதில் தோற்றால் மறுபடி வாந்தி எடுக்கத்தான் போக வேண்டும். சட்டென்று ஏதோ தோன்ற, கையை எடுத்துவிட்டுச் சேகரின் முகத்துக்கு நேராகக் குனிந்தேன். "மச்சான், இப்ப இடுப்புல கை வைக்கப் போறேன். அழுத்தமா வைப்பேன். தயாரா இருக்கியா? வைக்கட்டா?" அவன் மூச்சை இழுத்துப் பிடித்துத் தலையாட்டினான். வைத்தேன். சிரிக்கவில்லை. புரட்டினேன், உட்கார வைத்தேன்.

மேடம் ஒன்றும் சொல்லாமல் இருந்தார். தோற்றேன் என்று நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, நெட் நின்றுபோய் அவர் முகம் உறைந்திருக்கிறது. நெட் வந்ததும், "நல்லா கேட்டுட்டு தொட்டீங்க. அத பார்த்தேன். அதோட கட் ஆயிடுச்சி. பாஸ்," என்றார்.

வேலை கிடைத்தது சிதம்பரத்தில். கீழ வீதிக்குப் பக்கத்தில் ஒரு சந்து. அந்த வீட்டுக்காரர் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து, பிறகு பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் அவரை ஐயா என்றுதான் கூப்பிடுவேன். பக்கவாதத்தில் இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. பேச்சு மட்டும் அப்படியே இருந்தது. இருந்தது என்ன, கூடிவிட்டது என்றார் அவர் மனைவி; அவரை நான் அம்மா என்று கூப்பிட்டேன். பெங்களூரில் இருந்த மகள்தான் என்னை ஏற்பாடு செய்திருந்தார். அந்த வீட்டில் இரண்டு பேருக்கும் என்னைப் பிடிக்கவில்லை.

"எங்க ட்ரெயினிங் எடுத்த?" என்றார் ஐயா.

"ஆன்லைன்ல ஐயா."

"அது எந்த டிப்போ?"

நான் விளக்கினேன். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "கம்ப்யூட்டர்ல பாத்துக் கத்துக்கிட்டவரு கம்ப்யூட்டரத்தான் குளிப்பாட்டணும். எங்க வூட்டுக்காரர நானே பாத்துப்பேன்," என்றார்.

முதல் நாள் ஐயாவைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு அழகாக மாற்றினேன். வீடியோவில் இருந்ததைப் போலவே இருந்தது. அம்மாவே ஒரு நிமிஷம் நின்று பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து ஐயா, "போதும், கட்டிலுக்குப் போலாம்," என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பாடத்தின் பிற்பாதி நடக்கும்போது கரண்ட் போய்விட்டது. யூபிஎஸ் மிஷின் கிடைப்பதற்கு முந்தைய பாடம் அது. மறுபடி பார்க்க வேண்டும் என்று நினைத்து மறந்துபோயிருந்தேன்.

எப்படியாவது தூக்கிவிடலாம் என்று கை பரபரத்தது. வலை இழுத்த கை. ஆனால் நாற்காலி தாழ்வு, கட்டில் உயரம், அவருடைய நல்ல பக்கம் இப்போது எதிர்த்திசையில் இருந்தது. கீழே போட்டால் இடுப்பெலும்பு போய்விடும். "ஐயா, இது எனக்குத் தெரியல. மேடத்துக்குப் போன் பண்ணிக் கேட்டுட்டுச் செய்யறேன்," என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "போற ட்ரிப்பு மட்டும்தான் படிச்சியா? ரிட்டர்ன் ட்ரிப்பு கெடையாதா?"

மேடம் போனில் சொல்லச் சொல்ல, நாற்காலியைத் திருப்பிப் போட்டு, நல்ல கால் கட்டில் பக்கம் வருகிற மாதிரி வைத்துச் செய்தோம். சரியாக வந்தது. அன்று முதல் நான் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் "இன்னிக்கு ரிட்டர்ன் இருக்கா?" என்று கேட்பார். ஆனால் அதற்குப் பிறகு அவர் என்னை நம்பித் தன் எடையை என்மேல் சாய்த்தார். தெரியாது என்று சொல்கிறவனிடம் சாய்வதற்கு நோயாளிகளுக்குப் பயமில்லை.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது.

நான் போய்ச் சில வாரங்கள் ஆகியிருக்கும். ஐயா தடியை ஊன்றி, நான் பக்கத்தில் நிற்க, குளியலறை வரைக்கும் நடக்கப் பழகியிருந்தார். ஒருநாள் சாயங்காலம் அவரோடு வேலை பார்த்த டிரைவர்கள் இரண்டு பேர் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். மத்தியானம் நான் சாப்பிட உட்கார்ந்தேன். அம்மா பின்பக்கம் துணி எடுக்கப் போயிருந்தார். குளியலறையில் தடாலென்று ஒரு சத்தம்.

ஓடினேன். கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. "ஐயா! ஐயா!" பதில் இல்லை. கதவுக்கு அடியில் கறுப்பாக, திக்காக ஏதோ கசிந்து வெளியே வந்துகொண்டிருந்தது. அதற்குள் வந்துவிட்ட அம்மா அதைப் பார்த்தார். "ஐயோ, ரத்தம்!"

பாடத்தில் என்ன சொல்லியிருந்தார்கள்? விபத்து நேர்ந்தால் முதலில் உரக்கக் குரல் கொடுத்து உதவிக்கு ஆட்களை அழைக்கவும். நான் வாசலுக்கு ஓடி உரக்கக் குரல் கொடுத்தேன். அந்த வீடியோவை எடுத்தவர்கள், ஒரு படகிலிருந்து இன்னொரு படகுக்குக் காற்றையும் அலையையும் மீறிக் கத்திப் பழகிய ஆள் இதைப் படிப்பான் என்று நினைத்திருக்க மாட்டார்கள். சந்து மட்டுமில்லை, கீழ வீதியிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். எதிர்வீட்டுத் தையல்காரர் கழுத்தில் இஞ்ச் டேப்போடு வந்தார். பூக்காரம்மா கூடையோடு வந்தார். கொஞ்ச நேரத்தில் கூடம் நிரம்பி, ஆட்கள் ஜன்னலில் தொங்கினார்கள். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒருவர் கடப்பாரையோடு வந்து சேர்ந்தார். அதை எங்கிருந்து அவ்வளவு சீக்கிரம் எடுத்தார் என்பது இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

"தள்ளுங்க, ஒரே நெம்பு, கதவு வந்துடும்," என்றார்.

அவர் கடப்பாரையை ஓங்கும்போதுதான் உள்ளே மெல்லிய குரல் கேட்டது. "டேய். எவனாச்சும் கதவத் தொட்டீங்க, பாத்துக்கோ."

எல்லோரும் கத்தினார்கள். உசிரு இருக்கிறது, உடைங்க, சீக்கிரம் உடைங்க. அம்மா அழுதுகொண்டே கதவைத் தட்டினார். எனக்கு மண்டைக்குள் படகு ஆடுவது போலிருந்தது. கதவை லேசாகத் தள்ளிப் பார்த்தேன். அது உள்பக்கமாகத் திறக்கும் கதவு. தாழ்ப்பாள் மட்டும் தடுத்தால் கொஞ்சமாவது ஆடும். இது கீழ்ப்பாகத்தில் ஆடவே இல்லை. அவர் கதவில் சாய்ந்து கிடக்கிறார். நெம்பினால் கதவு அவர் தலைமேல் விழும்.

"யாரும் தொடாதீங்க!" கடப்பாரையைப் பிடித்துக்கொண்டேன். கீழே உட்கார்ந்து கதவு இடுக்கில் வாயை வைத்தேன். "ஐயா, தலையில அடி பட்டுச்சா?"

"இல்ல."

"இடுப்பு, காலு எங்கயாச்சும் வலிக்குதா?"

"ஒக்காந்த மாதிரியே வழுக்கிட்டேன். வலியெல்லாம் இல்ல."

"தாழ்ப்பா எட்டுதா?"

"எட்டும்."

"அப்ப தொறங்க ஐயா."

தாழ்ப்பாள் அசையவில்லை.

பிறகு, "வெளிய எத்தினி பேரு இருக்கானுங்க?" என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். எண்ணுகிற அளவில் இல்லை. "கொஞ்சம் பேரு இருக்காங்க ஐயா."

"தொறக்க மாட்டேன்."

குரல் தெளிவாக இருந்தது. வலியில் பேசுகிற குரல் இல்லை. வலியில் இருப்பவர் ஆள் எண்ணிக் கேட்க மாட்டார். அது வெட்கப்படுகிற குரல். எனக்குப் புரிந்தவரைக்கும் உள்ளே இருப்பவரைக் காப்பாற்ற வேண்டுமென்றால், நான் கூப்பிட்டுச் சேர்த்த கூட்டத்தை நானே கலைக்க வேண்டும். எழுந்து நின்றேன்.

"அடி ஒன்னும் இல்லையாம். நீங்க எல்லாரும் வெளிய போங்க. தெருவுக்கே போங்க."

"இன்னாய்யா, நீதான கூப்ட்ட?" என்றார் தையல்காரர்.

"நான்தான் கூப்ட்டேன். நான்தான் போவச் சொல்றேன். கிளம்புங்க."

கடப்பாரைக்காரருக்குத்தான் ரொம்ப வருத்தம். திரும்பித் திரும்பிக் கதவைப் பார்த்துக்கொண்டே போனார். அம்மா மட்டும் நகரவில்லை. "எனக்கென்னாங்க வெக்கம்? நான் பொண்டாட்டி," என்றார். உள்ளேயிருந்து, "அவளத்தான் மொதல்ல அனுப்பு," என்று பதில் வந்தது. அவருக்கு முகம் சுருங்கிப்போயிற்று. ஆனாலும் போய்க் கூடத்துக் கதவைச் சாத்தினார்.

"ஐயா, இப்ப நான் மட்டும்தான்."

"சத்தியமா?"

"சத்தியமா."

நல்ல கையை ஊன்றி, நல்ல காலால் உந்தி, சுவர்ப் பக்கம் நகரச் சொன்னேன். தரையில் துணி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு தடியின் முனை தாழ்ப்பாளில் தட்டுவது கேட்டது. தாழ்ப்பாள் விலகியது. உள்ளே தலையை நீட்டினேன்.

ஐயா வேட்டி, பனியனோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு துளி ரத்தம் இல்லை. பக்கத்தில் ஒரு கிண்ணம் கவிழ்ந்து, அதில் கலந்து வைத்திருந்த மை, நரைக்குப் பூசுகிற கறுப்பு மை, ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய மீசையில் வலது பாதி கன்னங்கரேல் என்று இருந்தது. இடது பாதி வெள்ளை வெளேர்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"சிரிச்சன்னு வை, ஒன்ன இன்னிக்கே வேலைய விட்டு அனுப்புவேன்," என்றார்.

உதட்டைக் கடித்துக்கொண்டேன். அவர் குரல் தணிந்தது. "பஸ் ஸ்டாண்டு பூரா என்ன மீசைக்காரர்னுதாம்ப்பா கூப்புடுவாங்க. சாயங்காலம் அவுங்க வரும்போது வெள்ள மீசையோட கட்டில்ல கெடக்கவா? அவள மை வச்சு வுடச் சொன்னேன். இந்த நெலமையில ஒனக்கு மை ஒரு கேடான்னுட்டா. நானே வச்சிக்கலாம்னு பாத்தேன். ஒரு கைக்கு ஒரு பக்கம்தான் முடிஞ்சிது."

எனக்குச் சிரிப்பு போய்விட்டது. தலையைத் தடவிப் பார்த்தேன், கை கால்களை அசைக்கச் சொல்லிப் பார்த்தேன். சரியாக இருந்தது. உடனே தூக்கிக் கட்டிலில் போட்டு, டாக்டரைக் கூப்பிடுவதுதான் முறை. ஆனால் கூடத்துக்கு அப்பால் தெருவே காத்துக்கொண்டிருந்தது. இந்தப் பாதி மீசையோடு அவரை வெளியே கொண்டுபோனால் அந்த மனிதர் பிறகு குளியலறைக்கு நடக்கவே மாட்டார், கட்டிலை விட்டே எழுந்திருக்க மாட்டார் என்று எனக்குத் தோன்றியது. ஒரு நாற்காலியை உள்ளே இழுத்துப் போட்டு, அவரை மெல்ல அதில் ஏற்றினேன். கிண்ணத்தின் அடியில் ஒட்டியிருந்த மையை பிரஷ்ஷில் வழித்து எடுத்தேன்.

"ஐயா, இடது பக்கம் வைக்கப் போறேன். வைக்கட்டா?"

"நீ வெளிய பரவாம வையி."

மை காய்ந்ததும் துடைத்துவிட்டு, நாற்காலியோடு வெளியே கொண்டுவந்தேன். டாக்டரும் வந்து பார்த்து, ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். வாசலில் நின்ற கூட்டத்துக்கு ஒரே ஏமாற்றம். சாயங்காலம் டிரைவர்கள் வந்தார்கள். ஒருவர் உள்ளே நுழையும்போதே, "இன்னா மீசைக்காரரே, நீங்க எங்க படுத்துட்டீங்க? அப்டியேதான இருக்கீங்க!" என்றார். ஐயா இடது கையைத் துண்டால் மூடிக்கொண்டு, அவர்கள் வண்டி லேட்டாக எடுத்த பழைய கதைகளைச் சொல்லித் திட்டித் தீர்த்தார். அந்த வீட்டில் அன்றுதான் அவர் சிரித்து நான் கேட்டேன்.

அவர்கள் போன பிறகு பெங்களூரிலிருந்து மகள் போன் செய்தார். அம்மா எடுத்தார். என்ன விசேஷம் என்று கேட்டிருப்பார். தெருவைக் கூட்டியதும், மை வைத்து நேரம் கடத்தியதும் தெரிந்தால் வேலை போய்விடும். அம்மா என்னைப் பார்த்தார். "ஒன்னும் இல்லம்மா. அப்பாவப் பாக்க சிநேகிதங்க வந்தாங்க," என்று சொல்லிப் போனை வைத்தார்.

பிறகு ஐயாவின் கட்டில் அருகே போய் நின்றார். மத்தியானத்திலிருந்து அவரோடு பேசவில்லை. "நான் வெச்சி வுட்டிருக்கணும். என் தப்புதான்," என்றார். அம்மா தன் நரைத்த வகிட்டைத் தொட்டுக்கொண்டு, "அந்த மை பாக்கெட்டுல மிச்சம் ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டார்.

இருந்தது. கலந்து கொடுத்தேன். நான்தான் வைத்துவிட வேண்டும் என்று நினைத்து பிரஷ்ஷை எடுத்தேன். ஐயா நல்ல கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டார். எனக்கு அங்கே வேலை இல்லை என்று புரிந்தது. வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

பஸ் ஸ்டாண்டில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது கண்டக்டர் கொடுப்பாரே, அதே குரல் உள்ளேயிருந்து கேட்டது.

"கிட்ட வா. இன்னும் வா. வரலாம், வரலாம்... லெஃப்ட்ல ஒடி... ஹோல்டான்!"